அக்காவின் இரண்டு கன்னங்கள்

அந்த ஊரில் உப்பு ஜாடிக்குள் கட்டிதட்டித்தான் இருக்கும். காயப்போட்ட துணி மூன்றாம் நாளும் கொடியை விட்டு இறங்க மனமில்லாமல் தொங்கும். மழைக்காலத்தில் மரக்கதவுகள் உப்பிக்கொண்டு மூட மறுக்கும். மூடித் தொலைத்தால் திறக்க மறுக்கும். அப்படிப்பட்ட ஊரில், முகத்துக்கு ஈரம் போதவில்லை என்று சொல்லிப் பாட்டிலில் ஈரம் விற்கும் வேலை சின்னவளுக்கு.

நகரின் நடுவே மூன்று மாடிக் கடை ஒன்று. நுழைந்ததும் இடதுகைப் பக்கம் அழகுசாதனப் பிரிவு. அங்கே கறுப்புக் கால்சட்டையும் வெள்ளைச் சட்டையும் போட்டுக்கொண்டு, கையில் மாதிரி பாட்டிலுடன் நாளெல்லாம் நிற்பாள். பாட்டிலில் இருப்பது கொலாஜன் ஸ்பிரே. உள்ளே வருகிறவர்களை ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்வாள். பனி மாதிரி ஒரு தூறல் முகத்தில் விழும். கண்ணைத் திறப்பவர்கள் பெரும்பாலும் சிரித்துக்கொண்டே திறப்பார்கள். அந்தச் சிரிப்பைப் பார்த்துப் பார்த்தே அவளுக்கு அந்தப் பாட்டிலின் மேல் நம்பிக்கை ஊறிவிட்டது.

இரண்டு வருடமாக விற்கிறாள். பொய் சொல்லி விற்பவள் அல்ல. தோலைத் தாங்கிப் பிடிப்பது கொலாஜன், வயது ஏற ஏற அது குறையும், குறைந்ததை நாம் திருப்பிக் கொடுக்கிறோம் என்று பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுத்ததை அப்படியே நம்பி அப்படியே சொல்பவள். தானும் மணிக்கொரு தரம் அடித்துக்கொள்வாள்.

வயது முப்பத்திரண்டு. கல்யாணம் இன்னும் அமையவில்லை. அதைப் பற்றி அவளைவிட அக்கம்பக்கத்தாருக்குத்தான் கவலை அதிகம். அக்கா வீட்டு மாடியறையில் இருக்கிறாள்.

அக்காவுக்கு நாற்பத்து நான்கு. பெரிய மருத்துவமனை ஒன்றின் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடும் வேலை. ஈரப் படுக்கை விரிப்பை இந்தப் பக்கம் கொடுத்தால் அந்தப் பக்கம் மடிப்புக் கலையாமல் வரும் பெரிய உருளை இயந்திரத்தின் முன்னால் பதினெட்டு வருடமாக நிற்கிறாள். நாள் முழுக்க நீராவி. சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நிற்கும்போது நெற்றியிலிருந்து வழிவது வேர்வையா ஆவியா என்று அவளுக்கே தெரியாது. ஆனால் அந்த முகத்தில் ஒரு சுருக்கம் கிடையாது. கன்னம் இரண்டும் இப்போதுதான் துடைத்து வைத்த பீங்கான் கிண்ணம் மாதிரி இருக்கும். என்ன போடுகிறாய் என்று யாராவது கேட்டால், கஞ்சி போடுகிறேன், டாக்டர்களின் மேலங்கிக்கு மட்டும் என்பாள்.

அக்கா புருஷன் ஏசி மெக்கானிக். கை சும்மா இருந்தாலும் வாய் சும்மா இருக்காது. சின்னவள் நிற்கும் கடையின் ஏசிகளையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவர்தான் வந்து பார்ப்பார். ஏணி மேல் நின்றபடியே ஏதாவது சொல்லிவிட்டுப் போவார். ஒருமுறை வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தன் பெரிய கண்டுபிடிப்பை வெளியிட்டார்.

"உங்க கடைக் காத்துல இருக்கிற தண்ணிய நாளைக்குப் பத்து வாளி என் மெஷின் உறிஞ்சி வெளிய ஊத்துது. நீ அதே தண்ணிய பாட்டில்ல அடைச்சு உள்ள கொண்டாந்து மறுபடியும் தெளிக்கிற. நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே கம்பெனில வேலை குடுத்திருக்கலாம், மேடம்."

மச்சினியை மேடம் என்று கூப்பிடுவது அவர் வழக்கம். சின்னவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"அது தண்ணி இல்ல மாமா. கொலாஜன்."

"சரி, கொலாஜன் கலந்த தண்ணி."

"தண்ணி கலந்த கொலாஜன்" என்று திருத்திவிட்டு உள்ளே போனாள்.

அந்த வருட மழை தொடங்கிய வாரத்தில் வட்டார மேலாளர் கடைக்கு வந்தார். கழுத்துப்பட்டை இறுக்கமாகவும் கைக்குட்டை ஈரமாகவும் இருக்கும் மனிதர். ஊர் ஊராகப் பைக்கில் சுற்றி, விற்கும் பெண்களைக் கூட்டி வைத்துப் பேசுவார். இந்தமுறை ஒரு போட்டியை அறிவித்தார். ஒவ்வொருத்தியும் ஒரு ஆளைப் பிடித்து நான்கு வாரம் ஸ்பிரே போடவைத்து, முன்னும் பின்னும் படம் எடுத்து, அந்த ஆளையும் கையோடு அழைத்து வரவேண்டும். யாருடைய ஆள் முகம் நன்றாக மாறியிருக்கிறதோ அவளே பிரிவுத் தலைவி. தலைவிக்கு உட்கார ஒரு நாற்காலி உண்டு என்றும் சொன்னார். பத்து மணிநேரம் நிற்கிறவளுக்கு அந்த நாற்காலி சிம்மாசனம்.

சின்னவளுக்கு யோசிக்கவே தேவையிருக்கவில்லை. அன்று சாயங்காலமே அக்காவின் முகத்தைத் தாடையைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பினாள். மாட்டுச் சந்தையா இது என்று கேட்டுவிட்டு, விஷயத்தை முழுவதும் கேட்டுக்கொண்ட பிறகு அக்கா ஒரு நிபந்தனை போட்டாள்.

"எனக்கு ரெண்டு கன்னம் இருக்கு. ஒண்ணை உனக்குத் தரேன். இன்னொண்ணு எனக்கு வேணும்."

அதாவது, ஒரு பக்கம் மட்டும் அடிப்பேன், மறுபக்கத்தை அப்படியே விடுவேன், வித்தியாசம் இருந்தால் தானாகத் தெரியட்டும் என்றாள். சின்னவளுக்கு அது இன்னும் பிடித்திருந்தது. ஒரே முகத்தில் முன்னும் பின்னும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் மேலாளரே வாயடைத்துப் போவார்.

மெக்கானிக் விடுவாரா. ஒரு கன்னம் தண்ணீர் படாமல் கிடந்தால் அது நியாயமான போட்டி இல்லை, அந்தப் பக்கத்துக்கும் அதே மாதிரி பாட்டிலில் வெறும் தண்ணீர் வேண்டும் என்று வாதாடினார். சின்னவள் மணமில்லாத வகையில் இரண்டு பாட்டில் கொண்டுவந்தாள். அவர் ஒன்றைக் காலி செய்து, கொதிக்கவைத்து ஆறவைத்த குழாய்த் தண்ணீரை ஊற்றினார். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு ஒன்றுக்குச் சிவப்பு ஒயர் டேப்பும் மற்றதற்கு நீல டேப்பும் சுற்றினார். எது எது என்று ஒரு சீட்டில் எழுதி, மடித்து, தன் கருவிப்பெட்டியில் போட்டுப் பூட்டினார். சிவப்பு இடக் கன்னத்துக்கு, நீலம் வலக் கன்னத்துக்கு. பாட்டில்கள் சலவைக்கூடத்து அலமாரியிலேயே இருக்கவேண்டும், மேடம் தொடக்கூடாது, மோந்து பார்க்கக்கூடாது. இத்தனை விறைப்பாக அவர் எந்த ஏசியையும் பழுது பார்த்ததில்லை என்றாள் அக்கா.

நான்கு வாரமும் சலவைக்கூடத்தில் அது ஒரு திருவிழா மாதிரி நடந்தது. காலை, மதியம், சாயங்காலம் என்று மூன்று வேளையும் அக்கா உருளையை நிறுத்திவிட்டு, ஒரு துண்டு அட்டையை மூக்குக்கு நேரே பிடித்து முகத்தை இரண்டாகப் பிரித்துக்கொண்டு, இந்தப் பக்கம் இரண்டு தடவை அந்தப் பக்கம் இரண்டு தடவை அடிப்பாள். அடித்த ஈரம் காய்வதற்கு வழியே இல்லை. ஆவியும் வேர்வையும் ஸ்பிரேயும் ஒன்றாகச் சேர்ந்து தாடையில் சொட்டும். கூட வேலை பார்க்கும் பெண்கள் சிவப்புக் கட்சி, நீலக் கட்சி என்று பிரிந்துவிட்டார்கள். சாப்பாட்டு நேரத்தில் கன்னத்தைத் தடவிப் பார்க்க வரிசை நின்றது. தடவிய கைகளாலேயே இரண்டு கன்னமும் கறுத்துவிடும் போலிருந்தது.

சின்னவளோ தினமும் ராத்திரிச் சாப்பாட்டின்போது எதிரே உட்கார்ந்து அக்காவின் முகத்தையே பார்ப்பாள். மூன்றாம் வாரம் அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்துவிட்டது. இடப்பக்கம்தான். சந்தேகமே இல்லை. அந்தப் பக்கத்தில் ஒரு மினுமினுப்பு இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் கடையில் ஸ்பிரே அடிக்கும்போது அவள் குரலில் ஒரு புதுத் தெம்பு வந்தது. எங்கள் அக்காவுக்கே அடிக்கிறோம் என்று சொல்லி அந்த வாரம் நிறைய விற்றாள்.

இருபத்தெட்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. காலை பத்து மணிக்கு அக்காவை ஜன்னலோரம் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். மெக்கானிக் டார்ச் பிடித்தார். சின்னவள் இடப்பக்கம் மூன்று, வலப்பக்கம் மூன்று என்று படம் எடுத்தாள். பிறகு அவர் கேட்டார், எது என்று.

"சிவப்பு" என்றாள் சின்னவள். "இதுல என்ன கேள்வி. உள்ள இருந்து வெளிச்சம் வர்ற மாதிரி இருக்கு பாருங்க."

மெக்கானிக் கருவிப்பெட்டியைத் திறந்து சீட்டை எடுத்தார். நான்கு வாரமாக ஒரு சிரிப்பை அடக்கி வைத்திருந்தவர் அவர். ஆனால் பிரிக்கும்போது மச்சினியின் முகத்தைப் பார்த்துவிட்டார். அந்த முகத்தில் இருந்த நம்பிக்கையைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வரவில்லை. படிக்காமலே சீட்டை அவளிடம் நீட்டினார்.

சிவப்பு, குழாய்த் தண்ணி என்று எழுதியிருந்தது.

அவள் சீட்டைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். பின்பக்கம் ஒன்றுமில்லை. மாற்றி எழுதிவிட்டீர்களா என்று கேட்டாள். இல்லை என்றார். பாட்டிலை மாற்றி அடித்தாயா என்று அக்காவிடம் கேட்டாள். அக்காவுக்குப் பாவமாக இருந்தது. இருந்தாலும் உண்மையைச் சொல்லிவிட்டாள்.

"எனக்கு ரெண்டாம் நாளே தெரியும்டி. நீலம் அடிக்கிற பக்கம் பிசுபிசுன்னு இருக்கும். விரிப்புல இருந்து பறக்கிற பஞ்சு பூரா அந்தக் கன்னத்துலதான் ஒட்டும். சாயங்காலம் பாதி முகம் கிழவனாட்டம் நரைச்சுப் போயிருக்கும். சொல்லக்கூடாதுன்னு உங்க மாமா சொல்லிட்டாரு, நானும் சொல்லல. மத்தபடி ரெண்டு கன்னமும் அன்னிக்கு இருந்த மாதிரிதான் இருக்கு."

சின்னவள் மாடிக்குப் போனாள். மூன்று நாள் மாமாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் படியருகே நின்று, ஏசி வேலை செய்கிறதா மேடம், மின்விசிறி வேலை செய்கிறதா மேடம் என்று கேட்டுப் பார்த்தார். மாடியறையில் ஏசியே கிடையாது. இதெல்லாம் தேவையா உங்களுக்கு என்று பெரியவள் அவரைக் கடிந்துகொண்டாள். சின்னப் பிள்ளை மாதிரி தலையைக் குனிந்துகொண்டு, விளையாட்டாகத்தான் செய்தேன் என்றார்.

சின்னவளுக்கு மாமா மேல் இருந்த கோபம் ஒரு நாளில் தீர்ந்துவிட்டது. மற்ற இரண்டு நாளும் தன் மேலேயே கோபம். அந்த வெளிச்சத்தைக் கண்ணால் பார்த்தாளே, அது எங்கிருந்து வந்தது. இரண்டு வருடமாக எத்தனை பேர் முகத்தில் அதே வெளிச்சத்தைப் பார்த்து, இதோ வந்துவிட்டது என்று கண்ணாடியைக் காட்டியிருப்பாள். அவர்களும் ஆமாம் என்றார்களே.

பேருந்தில் போகும்போது கைபேசியில் அந்தப் படங்களைப் பார்த்தாள். டார்ச் வெளிச்சத்தில் இடக் கன்னம் பளபளவென்று இருந்தது. டார்ச் அந்தப் பக்கமாக நின்றவர் கையில் இருந்தது என்பது இப்போது புரிந்தது. புரிந்த கையோடு இன்னொன்றும் தோன்றியது. இந்தப் படத்தைக் கொண்டுபோய்க் காட்டினால் மேலாளருக்கு எது தண்ணீர், எது ஸ்பிரே என்று எப்படித் தெரியும். சீட்டு மறுபடியும் மாமாவின் பெட்டியில். நாற்காலி பிரிவில். அக்காவிடம் மெல்லக் கேட்டுப் பார்த்தாள்.

"படம் உன்னுது, காட்டிக்கோ" என்றாள் அக்கா. "முகம் என்னுது. யாராவது என்னைக் கேட்டா நடந்ததைச் சொல்லுவேன். நீ என்ன செய்யணும்னு நீயே யோசி. ஆனா யோசிக்கிறதுக்கு முன்னாடி தெரிஞ்சவங்க கிட்ட ஒரு வார்த்தை கேளு."

தெரிந்தவர் என்று அவள் சொன்னது பேனா டாக்டரை. மருத்துவமனையின் தோல் பிரிவு டாக்டர் அந்த அம்மாள். சலவைக்கு வரும் அவருடைய வெள்ளை மேலங்கிப் பையில் தவறாமல் ஒரு பேனா இருக்கும். பார்க்காமல் துவைத்தால் ஊதா மை ஒரு தொட்டித் துணியையும் கெடுத்துவிடும். பெரியவள் ஒவ்வொரு வாரமும் பேனாவை எடுத்துத் துடைத்து, வார்டு பையனிடம் கொடுக்காமல் தானே கொண்டுபோய்க் கொடுத்துப் பழகியிருந்தாள். அந்த உரிமையில் மதியச் சாப்பாட்டு இடைவேளையில் தங்கையை அழைத்துக்கொண்டு போய் நின்றாள்.

டாக்டர் பாட்டிலை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, பின்னால் பொடியெழுத்தில் இருந்ததைப் படித்தார். அதிகம் இருப்பதை முதலில் போடுவார்கள், முதலில் தண்ணீர், பிறகு கிளிசரின், கொலாஜன் கடைசிக்கு முந்தின வரியில் இருக்கிறது என்று விரலால் காட்டினார். இரண்டு வருடமாகக் கையில் பிடித்திருந்த பாட்டிலின் முதுகை அப்போதுதான் சின்னவள் படித்தாள்.

"கொலாஜன் தோலுக்கு நல்லதுதானே டாக்டர்?"

"நல்லதுதான். ஆனா அது தோலுக்குள்ளேயே உண்டாகிறது. வெளிய இருந்து தெளிச்சு நிரப்ப முடியாதும்மா. அது ரொம்பப் பெரிய பொருள், வாசல்லயே நின்னுடும். சின்னச் சின்னதா நறுக்கிப் போடுறாங்க, சரி. அப்பவும் தெளிச்சதும் உள்ள போய் சுருக்கத்தை எடுக்கும்னு நம்புற அளவுக்கு ஆதாரம் இல்ல. மேல உட்கார்ந்து கொஞ்ச நேரம் ஈரத்தைப் பிடிச்சு வைக்கும். தொட்டா மெத்துன்னு இருக்கும். கழுவினா போச்சு."

அப்புறம் அக்காவைக் காட்டிச் சொன்னார். இவ்வளவு ஈரமான காற்றில் தோலிலிருந்து தண்ணீர் அவ்வளவாக ஆவியாகாது, அதிலும் இவர் நாள் முழுக்க ஆவியில் நிற்கிறவர், இவர் முகத்துக்குத் தெளிப்பது நிரம்பிய குடத்தில் ஊற்றுவது மாதிரி என்றார். வெயில் படாமல் உள்ளேயே வேலை பார்த்ததும், பெற்றவர்கள் கொடுத்த தோலும்தான் அந்தக் கன்னம். உள்ளே இருக்கிற கொலாஜனை உடைப்பதில் வெயிலை மிஞ்ச ஆளில்லை என்றும் சொன்னார்.

சின்னவள் முகம் சுண்டிப் போனது. அப்படியானால் இது யாருக்குமே உதவாதா என்று கேட்டாள். டாக்டர் அவள் புறங்கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். விரல் கணுக்களில் வெள்ளை வெள்ளையாகச் செதில். கன்னத்து ஓரத்திலும் அதே.

"நீங்க எங்க வேலை பார்க்கிறீங்க?"

"கடையிலதான் டாக்டர். ஏசில."

"எத்தனை மணிநேரம்?"

"பத்து."

"ஊரே நனைஞ்சு கிடக்கு, நீங்க மட்டும் பாலைவனத்துல நிக்கிறீங்க. காஞ்சது உங்க தோல்தான். உங்களுக்கு இது கொஞ்சம் உதவும். ஆனா வெறுமனே அடிச்சு விட்டா ஏசிக் காத்து அதையும் சேர்த்து இழுத்துக்கிட்டுப் போயிடும், முன்னைவிட இறுக்கமா இருக்கும். அடிச்சதும் ஈரத்தோட மேல ஒரு கிரீம் தடவிடுங்க. நிஜத்தைச் சொன்னா, தண்ணி தெளிச்சுட்டு கிரீம் தடவினாலும் ஏறக்குறைய அதேதான்."

எழுந்து போகும்போது, தன் மேசை இழுப்பறையிலும் ஒன்று இருக்கிறது என்று டாக்டர் ஒப்புக்கொண்டார். மதியம் தூக்கம் வரும்போது அடித்துக்கொள்வாராம். அதற்கு இது பிரமாதம் என்றார்.

போட்டி நாள் வந்தது. மூன்றாவது மாடிச் சரக்கறையில் அட்டைப்பெட்டிகளை ஓரங்கட்டி நாற்காலி போட்டிருந்தார்கள். அழகுசாதனப் பிரிவுப் பெண்கள் ஆறு பேரும் ஆளுக்கொரு முகத்தோடு வந்திருந்தார்கள். உதட்டுச்சாயம் விற்கிறவள் தன் மாமியாரையே கூட்டி வந்திருந்தாள். அந்த அம்மாள் கேட்பதற்கு முன்பே பத்து வயது குறைந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தார். சின்னவளின் முறை வந்தது. மேலாளர் அக்காவைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, எத்தனை நாளாகப் போடுகிறீர்கள் என்று கேட்டார்.

நான்கு வாரமாக, ஒரு பக்கத்துக்கு உங்களுடையது, மறுபக்கத்துக்குத் தண்ணீர் என்று அக்கா மரியாதையாகப் பதில் சொல்லிவிட்டு, மிச்சத்தை என் தங்கை சொல்வாள் என்று கையைக் கட்டிக்கொண்டாள். அறையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சின்னவளுக்குத் தொண்டை காய்ந்துவிட்டது. அதற்கு ஸ்பிரே இல்லை.

ஆனாலும் சொன்னாள். நான்கு வாரம் கழித்து வித்தியாசம் இல்லை, தான் தேர்ந்தெடுத்தது தண்ணீர்ப் பக்கத்தைத்தான் என்பதையும் மறைக்கவில்லை. வெளியில் வேர்த்துக்கொண்டு வேலை செய்கிறவர்களுக்கு இது முகத்துக்குக் குளிர்ச்சி, அவ்வளவுதான்; ஏசியில் இருப்பவர்களுக்கு மேலே கிரீமும் தடவினால் கொஞ்சம் பலன் உண்டு; சுருக்கம் போகும் என்று இனிமேல் சொல்லத் தனக்கு வாய் வராது. எழுதி வைத்துப் படிப்பது மாதிரி வேகமாகச் சொல்லி முடித்தாள்.

மேலாளர் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார்.

"நீங்க இங்க விக்கிறீங்களா, பாடம் நடத்துறீங்களா?"

"விக்கத்தான் சார். யாருக்கு விக்கணும்னு தெரிஞ்சுக்கிட்டு வந்திருக்கேன்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். மேலாளர் சிரிக்கவில்லை. உதட்டுச்சாயம் விற்கிறவள் தலைவியானாள். இறங்கி வரும்போது அக்கா தங்கையின் தோளில் கை போட்டுக்கொண்டாள். நாற்காலிதானே, வீட்டில் நாலு கிடக்கிறது என்று சொன்னாள். அது சின்னவளுக்கு ஆறுதலாக இல்லை. ஆனாலும் கையை எடுக்கச் சொல்லவில்லை.

அடுத்த பதினைந்து நாள் அவள் பழைய இடத்திலேயே நின்றாள். வருகிறவர்களிடம் கண்ணை மூடச் சொல்வதற்கு முன்னால், எங்கே வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டாள். வங்கியில் உட்காரும் பெண்ணுக்கு விற்றாள், கிரீமோடு. சாலையில் நின்று போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் காவலர் அம்மாவுக்கு ஒருமுறை இலவசமாக அடித்து, நன்றாக இருக்கிறதா, அவ்வளவுதான் இதில், வீட்டில் தண்ணீர் இருக்கும் என்று அனுப்பிவைத்தாள். அந்த அம்மாள் மறுநாள் தோழிகள் இருவரோடு வந்து இலவசமாக அடித்துக்கொண்டு போனார். புதுத் தலைவி நாற்காலியில் உட்கார்ந்தபடி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது வாரம் சின்னவளை வாசலோரப் படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் குடைப் பிரிவுக்கு மாற்றினார்கள்.

மாமாவுக்குத்தான் குற்ற உணர்ச்சி தாங்கவில்லை. தான் டேப் சுற்றியதால் வந்த வினை இது என்று நினைத்தார். கடைக்குப் போய் முதலாளியிடம் பேசுகிறேன் என்று சட்டையை மாட்டினார். அவள் தடுத்துவிட்டாள். மூன்று நாள் பேசாமல் இருந்ததற்கு அவளும் கொஞ்சம் வெட்கப்பட்டாள். சமாதானத்துக்கு அடையாளமாக, நீங்கள் அந்தச் சீட்டை எனக்குக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டாள். இனி வாய் தவறினால் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றாள். மேடம் என்று கூப்பிடுவதை மட்டும் ஒரு வாரம் நிறுத்திவைத்திருந்தார். பிறகு அவளே கேட்டாள், ஏன் மாமா, எனக்கு அந்தப் பதவியும் போய்விட்டதா என்று. அவர் முகத்தில் அப்போதுதான் உயிர் வந்தது.

குடைப் பிரிவு அவளுக்குப் பிடித்துப் போயிற்று. ஸ்பிரே மாதிரி நான்கு வாரம் காத்திருக்கவேண்டாம். விரித்துக் காட்டினால் விரியும், மடக்கினால் மடங்கும். வெளியே மழை கொட்டிக்கொண்டிருக்கும்போது வாங்குகிறவர் அந்த வாசலிலேயே சோதித்துப் பார்த்துவிடலாம். படிக்கட்டுக்கு அடியில் ஏசிக்காற்று எட்டாது. தெருவின் புழுக்கம் நேரே உள்ளே வரும். முதல் வாரம் வேர்த்து ஊற்றியது. இரண்டாம் வாரம் புறங்கையைப் பார்த்தாள். செதிலைக் காணவில்லை. அக்காவிடம் காட்டினாள். அக்கா தடவிப் பார்த்துவிட்டு, இனி எங்கள் கூடத்துக்கே வந்துவிடு, முகம் எங்கேயோ போய்விடும் என்றாள்.

ஒரு மதியம் வட்டார மேலாளர் தொப்பலாக நனைந்து ஓடிவந்து படிக்கட்டடியில் ஒதுங்கினார். பைக் நடுவழியில் நின்றுவிட்டதாம். அவளைப் பார்த்ததும் திரும்பிப் போய்விடலாமா என்று யோசித்தது போல் ஒரு கணம் நின்றார். வெளியே மழை விடுகிற மாதிரி இல்லை. பெரிய குடையாக ஒன்று வேண்டும் என்றார். எடுத்து விரித்துக் காட்டினாள். வாங்கிக்கொண்ட பிறகும் போகவில்லை. சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அன்னிக்கு நீங்க சொன்னது, டாக்டர் சொன்னதா?"

"ஆமா சார்."

"நான் ரெண்டு வருஷமா அடிக்கிறேங்க. காலைல, ராத்திரி. என் வீட்டுக்காரிக்குக்கூடத் தெரியாது. குளியலறையில ஒளிச்சு வச்சிருக்கேன்." குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். "அவ இதுவரைக்கும் என் முகத்தைப் பத்தி ஒண்ணும் சொன்னதில்ல. நீங்க இந்தத் தொழில்ல இருந்தவங்க. பார்த்துச் சொல்லுங்க, ஏதாவது தெரியுதா?"

முகத்தை அவள் பக்கம் நீட்டினார். இத்தனை நாளில் அந்த முகத்தை அவள் முழுதாகப் பார்த்ததே இல்லை. வெயிலில் கறுத்த நெற்றி. ஹெல்மெட் வார் பதிந்த தாடை. கண்ணோரத்தில் சிரிக்காமலே விழுந்த கோடுகள். புருவத்திலிருந்து மழைநீர் மூக்கு வழியாக இறங்கிச் சொட்டிக்கொண்டிருந்தது. ஐம்பதைத் தொடப்போகும் ஒரு மனிதர் கடைச் சாமான்களுக்கு நடுவே கண்ணை மூடிக்கொண்டு பதிலுக்காக நின்றார்.

சின்னவள் மேசைக்கடியிலிருந்து, குடை துடைக்க வைத்திருந்த உலர்ந்த துண்டை எடுத்து அவரிடம் கொடுத்தாள்.

"முதல்ல துடைச்சுக்கங்க சார். இப்ப பார்த்தா மழைதான் தெரியுது."

அவர் துண்டில் முகத்தைப் புதைத்தார். தோள் குலுங்கியது. ஒரு நொடி அவளுக்குப் பயமாகிவிட்டது. துண்டை எடுத்தபோது சிரித்துக்கொண்டிருந்தார். அவளும் சிரித்தாள். அப்புறம், நாள் முழுக்க பைக்கில் வெயிலில் சுற்றுகிறவருக்கு ஸ்பிரேயைவிட மேல்மாடி மருந்துப் பிரிவில் இருக்கும் வெயில் தடுப்பு கிரீம்தான் பொருத்தம் என்று சொல்லி, எந்த அலமாரி என்றும் சொன்னாள். அவர் தலையாட்டினார். குடையை மடக்கத் தெரியாமல் திணறினார். அவள் வாங்கி, பொத்தானை எங்கே அழுத்தவேண்டும் என்று இரண்டு தடவை காட்டிக்கொடுத்தாள். மூன்றாவது தடவை அவரே மடக்கி, கையில் பிடித்துக்கொண்டு, கிரீம் வாங்கப் படியேறிப் போனார்.